இரண்டு சம்பந்திகள், ஒருவழி டிக்கெட்

நவம்பர் 4, சனி
சிங்கப்பூர் விமான நிலையம்

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் டிக்கெட் சரிபார்க்கிற பெண் எங்கள் பாஸ்போர்ட் இரண்டையும் புரட்டிவிட்டு ரிட்டன் டிக்கெட் எங்கே என்று கேட்டாள். இல்லை என்றேன். எப்போது திரும்புவீர்கள் என்றாள். திரும்புகிறதாக இல்லை என்றேன். உடனே அவள், எனக்குப் பின்னால் மகனோ மகளோ யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கூட்டுறவு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மேனேஜராக வெளியே வந்தவள் நான். என் காகிதத்துக்கு நானே பதில் சொல்வேன்.

தாய்லாந்துக்காரர்கள் ஒட்டிக் கொடுத்த ஓய்வுக்கால அனுமதியை விரித்து வைத்தேன். ஐம்பது வயது தாண்டியவர்கள் அங்கே போய் ஒரு வருஷம் தங்கலாம், பிறகு வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம். வேலைக்கு மட்டும் போகக் கூடாது. இதைவிட நல்ல உத்தரவை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

அவள் மேலதிகாரியைக் கூட்டி வந்தாள். அவர் நிதானமாகப் படித்துவிட்டு, நீங்கள் இரண்டு பேரும் என்ன உறவு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து பதில் போய்விட்டது.

"சம்மந்திங்க."

சொன்னவர் தனபாக்கியம். என் மகள் சௌமியாவை முதலில் கட்டிக்கொடுத்த இடம் அது. அந்த மாப்பிள்ளை நந்தகோபாலின் அம்மா இவர். கல்யாணம் இரண்டே வருஷம். கோர்ட்டில் ரத்தாகி ஆறு வருஷம் ஆகிறது. சௌமியா வேறு கல்யாணம் செய்துகொண்டு பெங்களூரில் நன்றாக இருக்கிறாள். அவனும் வேறு கல்யாணம் செய்துகொண்டு பெருந்துறையில் நன்றாக இருக்கிறான். பிரிந்தது அவர்கள் இரண்டு பேர். எங்களைப் பிரிந்து போகச் சொல்லி ஜட்ஜ் ஒன்றும் எழுதவில்லை.

ஆனால் ஈரோட்டில் நாங்கள் சேர்ந்து ஒரு காப்பி குடிக்க முடியாது. பிள்ளைகளே வேண்டாமென்று போன பிறகு இவர்களுக்குள் என்ன ஒட்டும் உறவும் என்று சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்காது. அதனால் அவர் ஒரு பஸ்ஸிலும் நான் ஒரு பஸ்ஸிலும் கோபிச்செட்டிபாளையம் போய், ஓட்டலில் உட்கார்ந்து மனசு விட்டுப் பேசிவிட்டு, மறுபடி தனித்தனியாகத் திரும்புவோம். அறுபது வயதுக்கு மேல் இதெல்லாம் ஒரு பிழைப்பா? போன வருஷம் ரிட்டயர் ஆனவர்களோடு டூர் போனபோது சியாங் மாய் ஊரைப் பார்த்தேன். அங்கே யாரும் யாரையும் எந்த ஊர், யார் வீடு என்று நோண்டவில்லை. எனக்கு அது போதும்.

சம்பந்தி எதிர் நாற்காலியில் கைப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை. வரிசையாகத் தும்முகிறார். ஒவ்வொரு தும்மலுக்கும் ஒரு "அப்பனே முருகா". சுற்றி இருப்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள்.

நவம்பர் 6, திங்கள்
சியாங் மாய்

வீடு மாடியில். கீழே வீட்டுக்காரி மாலி, துணி துவைக்கும் மெஷின்களை வரிசையாக வைத்துக் கடை நடத்துகிறாள். ஐம்பது வயது இருக்கும். புருஷன் இல்லை போலிருக்கிறது. கேட்கவில்லை, கேட்காமல் இருப்பது எவ்வளவு சுகம் என்று இப்போதுதான் தெரிகிறது. கைப்பேசியில் அவள் தாய்லாந்து மொழியில் பேசினால் அது தமிழில் சொல்கிறது. அந்தத் தமிழ் ரேடியோ செய்தி மாதிரி இருக்கிறது.

இரண்டு படுக்கை அறை. ஒன்று பெரிது, ஜன்னலுக்கு வெளியே மாமரம். இன்னொன்று சிறிது, ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. நான் ஒரு யோசனையும் இல்லாமல் சம்பந்தியின் பெட்டியைப் பெரிய அறையில் கொண்டுபோய் வைத்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. மாப்பிள்ளையே இல்லை, இன்னும் மாப்பிள்ளை வீட்டு மரியாதையா! அவரும் வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாங்கிப் பழகிய கை.

மாலி எங்கள் இரண்டு பேரையுமே "சம்பந்தி" என்று கூப்பிடுகிறாள். நாங்கள் ஒருவரையொருவர் அப்படித்தானே கூப்பிடுகிறோம். எங்கள் நாட்டில் எல்லாப் பெண்களுக்கும் இதுதான் பெயர் என்று நினைத்திருப்பாள்.

நவம்பர் 9, வியாழன்

இட்லி மாவு பொங்கிவிட்டது. இந்த ஊர் நமக்குச் சரிப்படும்.

நவம்பர் 15, புதன்

காய்கறிச் சந்தைக்கு நடந்தே போகிறோம். கத்திரிக்காய் சுண்டைக்காய் அளவில் இருக்கிறது. எதைக் கேட்டாலும் மீன் சாறு ஊற்றிவிடுகிறார்கள். சனிக்கிழமை மட்டும் சம்பந்தி கவிச்சி தொட மாட்டார். மாலி "ஜே" என்று ஒரு சொல் கற்றுக்கொடுத்தாள். அதைச் சொன்னால் கறி, மீன் எதுவும் சேர்க்க மாட்டார்களாம். சனிக்கிழமைக்கு இப்போதே பழகிக்கொள்கிறேன் என்று சம்பந்தி சந்தை முழுக்க ஜே, ஜே என்று சொல்லிக்கொண்டே வந்தார். கட்சிக் கூட்டத்துக்குப் போய்விட்டு வருகிற மாதிரி இருந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

சாயங்காலம் சௌமியா வீடியோவில் வந்தாள். கூட இருப்பது என்னோடு வேலை பார்த்த சரஸ்வதி என்று முன்பே சொல்லி வைத்திருக்கிறேன். சரஸ்வதி ஆன்ட்டியைக் காட்டு என்றாள். குளிக்கிறாள் என்றேன். சம்பந்தி நிஜமாகவே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இதைப் பொய் என்று சொல்ல முடியாது. விவரம் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த வீட்டில் அவள் பட்டது போதும், அந்தப் பேச்சையே அவள் காதில் போட வேண்டாமென்றுதான்.

நவம்பர் 27, திங்கள்

நேற்று கார்த்திகை தீபம். சம்பந்தி மாடிப்படி முழுக்க அகல் ஏற்றினார். மாலி தீப்பிடித்துவிட்டதோ என்று ஓடிவந்து, பார்த்துவிட்டு, தானும் உட்கார்ந்து திரி போட்டாள். இன்று இவர்களுக்குப் பௌர்ணமித் திருவிழா. வாழைத்தண்டு வில்லையில் பூவும் மெழுகுவத்தியும் வைத்து ஆற்றில் விடுகிறார்கள். எங்களையும் கூட்டிப் போனாள். ஆறு முழுக்க வெளிச்சம். சம்பந்தி தன்னுடையதை விட்டுவிட்டு அது போகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். சந்தோஷமாக இருந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம் சந்தோஷமாக இருந்தது.

அதோடு நாள் முடிந்திருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் அவருடைய போன் அடித்தது. நந்தகோபால். அவன் குரல் எப்போதும் ஊருக்கே கேட்கும். டூர்காரர்கள் என்றைக்கு ஏற்றி அனுப்புகிறார்கள், ஏர்போர்ட்டுக்குக் கார் அனுப்ப வேண்டுமே என்று கேட்டான். இவர் இன்னும் நாலு கோயில் பாக்கி இருக்கிறது சாமி என்று சொல்லி வைத்துவிட்டார்.

மகனிடம் சொல்லவே இல்லையா என்று கேட்டேன்.

"சொல்லிப்போட்டுத்தானுங்க வந்தேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"போயிட்டு வர்றேன்னு."

நம் பக்கத்தில் சுடுகாட்டுக்குப் போகிறவன்கூட அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவான். புத்தர் கோயில் யாத்திரை, இருபத்தைந்து நாள் என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். அனுமதிக் காகிதம் எல்லாம் நான் பார்த்துக்கொண்டதால், காட்டிய இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு வீட்டில் அதைப் பற்றி மூச்சுக் காட்டாமல் இருந்திருக்கிறார். இப்படியா பெற்ற பிள்ளையிடம் மறைப்பது! எனக்கு ஆறவே இல்லை.

நவம்பர் 28, செவ்வாய்

பேசவில்லை. ரசம் மட்டும் நன்றாக இருந்தது.

டிசம்பர் 3, ஞாயிறு

இன்று வெடித்துவிட்டது. ஆரம்பம் என்னவோ ஈரத்துண்டு. பெரிய அறையில் இருப்பவர் துண்டை என் அறைக் கதவில் ஏன் காயப்போட வேண்டும் என்று கேட்டேன். அதிலிருந்து அறை, அறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டு மரியாதை, அங்கிருந்து மகனிடம் சொன்ன யாத்திரை என்று போய்விட்டது. நாளைக்கே மகனைக் கூப்பிட்டு இனி இங்கேதான் இருக்கப் போகிறேன் என்று சொல்லுங்கள் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் துண்டையே மடித்துக்கொண்டிருந்தார். மகனும் மருமகளும் குறையில்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்றார். சோறு வேளைக்கு வருகிறது, டிவி தனியாக இருக்கிறது. ஆனால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் தினமும் எழுந்திருப்பதாகச் சொன்னார். இங்கே எழுந்தால் உங்களோடு சண்டை போடவாவது ஒரு வேலை இருக்கிறது என்றார். இதையெல்லாம் மகனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் உன் வீட்டில் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா?

நான் விடவில்லை. அதற்காகப் பொய் சொல்வதா என்று கேட்டேன்.

"நீங்க சௌமியாகிட்டச் சொல்லிப்போட்டீங்களா?" என்றார்.

அடுப்பில் எதுவும் இல்லை. இருந்தாலும் அடுப்பைப் பார்க்கப் போனேன்.

டிசம்பர் 12, செவ்வாய்

குளிர் இறங்கிவிட்டது. காலையில் சௌமியா கூப்பிட்டாள். ஆபீஸ், அவள் புருஷனின் முதுகுவலி, புது சோபா என்று பேசிக்கொண்டே இருந்தாள். சம்பந்தி வழக்கம்போலக் குளியலறைக்குள். அங்கே ஈரம். முதல் தும்மல் கேட்டது. நான் சத்தமாக இருமினேன். இரண்டாவது, மூன்றாவது, ஒவ்வொன்றுக்கும் "அப்பனே முருகா".

சௌமியா பேச்சை நிறுத்திவிட்டாள்.

"அம்மா, அது யாரு?"

சரஸ்வதி என்றேன்.

"அது அத்தையோட தும்மல்மா."

இரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தவள். நான் வேறு எதையோ சொல்ல ஆரம்பித்தேன். போனை வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

சம்பந்தி வெளியே வந்தார். முகமெல்லாம் தண்ணீர். கேட்டது ஒன்றே ஒன்று.

"அத்தைன்னா சொல்லுச்சு?"

ஆமாம் என்றேன். மத்தியானம் மறுபடி கேட்டார். ராத்திரி சாப்பிடும்போதும் கேட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. மகள் பேச மாட்டேன் என்கிறாள், இவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் கவலை.

டிசம்பர் 17, ஞாயிறு

சௌமியா எடுக்கவில்லை. அனுப்பினதைப் பார்க்கிறாள், பதில் இல்லை. எனக்கு ஒன்றும் கவலை இல்லை. இரண்டு அறைத் திரைச்சீலையும் துவைத்தேன், அரிசி டப்பாவைக் கழுவிக் காயவைத்தேன், அலமாரியில் இருந்ததையெல்லாம் இறக்கித் துடைத்து அதே இடத்தில் வைத்தேன்.

சாயங்காலம் சம்பந்தி பெட்டியைக் கீழே இறக்கினார். தன்னால் தாய்க்கும் மகளுக்கும் பேச்சில்லாமல் போவது பாவம், ஊருக்கு டிக்கெட் போடுங்கள் என்றார். அவர் போய்விட்டால் திரும்ப மாட்டார் என்பது எனக்குத் தெரியும். வெளியே போனால் இந்த அனுமதி அதோடு முடிந்தது. மறுபடி போலீஸ் சான்று, டாக்டர் சான்று, சென்னைக்கு அலைச்சல் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வீட்டுக்குள் ஒருதரம் நுழைந்துவிட்டால் இவருக்கு அதற்கெல்லாம் தெம்பு வராது.

இணையம் வேலை செய்யவில்லை என்று சொன்னேன்.

டிசம்பர் 21, வியாழன்

இணையம் இன்றும் வேலை செய்யவில்லை என்று சொன்னேன்.

சம்பந்தி கீழே இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் மாலி படியேறி வந்தாள். கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "சம்பந்தி சம்பந்தியை விட்டு ஏன் செல்கிறார்?" என்று அது கேட்டது. மாலி தன் போனிலேயே இவருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டாளாம், ஜனவரி நாலாம் தேதிக்கு. கேட்டால் மறுக்க முடியாத முகம் இவருக்கு.

மாலிக்கு என்ன பதில் சொல்வது? கைப்பேசியில் தமிழில் பேசினால் அது தாய்லாந்து மொழியில் சொல்லும். நான் கைப்பேசியைத் திருப்பி அவளிடமே நீட்டினேன். அவள் என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

டிசம்பர் 24, ஞாயிறு

அவர் பெட்டி கட்டுகிறார். யாத்திரை நீண்டுவிட்டது, ஜனவரி நாலாம் தேதி வருகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டாராம். நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன். தனியாக இருப்பது எனக்குப் புதிது இல்லை. என் வீட்டுக்காரர் போய்ப் பத்தொன்பது வருஷம், தனியாகத்தானே இருந்தேன். இங்கேயும் இருப்பேன். பெரிய அறைக்கு மாறிக்கொள்ளலாம். மாமரம் இருக்கிறது. என்ன குறை?

டிசம்பர் 29, வெள்ளி

காலையில் கீழே மாலி யாருடனோ பேசும் சத்தம். படியில் செருப்புச் சத்தம். கதவைத் திறந்தால் சௌமியா நிற்கிறாள், தோளில் ஒரு பை, கண் சிவந்து. முகவரியைப் பழைய வாட்ஸாப்பில் பார்த்து வந்தாளாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏர்போர்ட்டுக்கு வந்திருப்பேனே என்றேன். நீ சொன்னாயா என்றாள். பையை வாங்கக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை.

சம்பந்தி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றார். ஓடி ஒளியக் குளியலறை தூரம். ஆறு வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிற முகம். என்ன பேசுவாரோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சாப்பிட்டியா அம்மிணி?" என்றார்.

சௌமியா பையைக் கீழே போட்டுவிட்டு நேராகப் போய் அவர் தோளில் சாய்ந்துவிட்டாள். சாய்ந்துகொண்டு அழுகிறாள், சின்னப் பிள்ளை மாதிரி. நான் பெற்றவள், நான் இந்தப் பக்கம் நிற்கிறேன். கரண்டியிலிருந்து சாம்பார் அவள் சட்டையில் சொட்டுகிறது. இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அப்புறம் சாப்பிடும்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. அந்த வீட்டில் தன்னை மனுஷியாக நடத்தியது அத்தை ஒருத்திதான் என்றாள். வக்கீல் அந்தப் பக்கம் யாரோடும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். கேஸ் முடிந்த பிறகு கூப்பிடலாம் என்று எத்தனையோ தரம் போனை எடுத்தாளாம்.

"நீ வருத்தப்படுவேன்னுதாம்மா கூப்பிடலை. அந்த வீட்டுப் பேச்சு எடுத்தாலே உன் முகம் போற போக்கு!"

நான் அவளுக்காக மறைத்தேன், அவள் எனக்காக மறைத்தாள். கோபிக்குப் போன பஸ்ஸையெல்லாம் நினைத்தால் எனக்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது.

கோபம் போய்விட்டதா என்று கேட்டேன். போகவில்லை என்றாள். அத்தையோடு இருப்பதற்கு இல்லை, சரஸ்வதி ஆன்ட்டிக்கு என்றாள். பிறகு மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

டிசம்பர் 31, ஞாயிறு

சௌமியாவும் சம்பந்தியும் சந்தைக்குப் போய் முருங்கைக்கீரை வாங்கி வந்தார்கள். நான் ஒரு மணி நேரம் தனியாக இருந்தேன். அவர் போன பிறகு வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

பெட்டி இன்னும் பெரிய அறை மூலையில் கட்டினபடி நிற்கிறது. சௌமியா அதைப் பார்த்துவிட்டு, இப்போதும் எதற்குப் போக வேண்டும் என்று கேட்டாள். சம்பந்தி மகனுக்கு என்ன பதில் சொல்வது என்றார். உள்ளதைச் சொல்லுங்கள் அத்தை, இல்லாவிட்டால் நந்தகோபாலும் தும்மலில்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றாள். அவன் பெயரை அவள் சாதாரணமாகச் சொன்னாள். சம்பந்தி கீரையை ஆய ஆரம்பித்தார். நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தி நிற்க வைத்தால் அது என் வீடாகத்தான் இருக்கும், எங்கள் வீடாக இருக்காது. இப்படி ஒரு நினைப்பு எனக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஜனவரி 2, செவ்வாய்

நேற்று ராத்திரி சௌமியா கிளம்பிவிட்டாள். போகும்போது அத்தையின் எண்ணைத் தன் போனில் போட்டுக்கொண்டாள்.

காலையில் சம்பந்தி குளித்து, விபூதி வைத்து, பட்டுப் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தார். நாளை மறுநாள் ஊருக்குப் போகிறவர் இன்றே புடவை கட்டிவிட்டாரே என்று பார்த்தேன். போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். நான் எழுந்து போகப் பார்த்தேன். இருங்க என்று கையைக் காட்டினார்.

யாத்திரை இல்லை என்று முதலில் சொன்னார். யாரோடு இருக்கிறேன் என்று சொன்னார். அந்தப் பக்கமிருந்து கத்தல் வந்தது. ஊரில் என்ன பேசுவார்கள், நான் சோறு போடவில்லையா, போயும் போயும் சௌமியாவோட அம்மாகூடவா என்று. இவர் குரலை உயர்த்தவில்லை.

"நீ நல்லாத்தான் பாத்துக்கிட்டே சாமி. குத்தம் சொல்லலை. எனக்கு இங்க இருக்கோணும்போல இருக்குது. அவ்ளோதான்."

அவன் வைத்துவிட்டான்.

சம்பந்தி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த வயதில் ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பறித்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றியது. காப்பி போட்டேன். ஆறிப்போயிற்று. மறுபடி சூடு பண்ணினேன், அதுவும் ஆறிப்போயிற்று.

போன் அடித்தது. அவன்தான். கத்தவில்லை. சர்க்கரை மாத்திரை அங்கே அதே பெயரில் கிடைக்குமா என்று கேட்டான். தெரியவில்லை என்றார் இவர். வீட்டில் போட்டுக்கொண்டிருந்த அதே மாத்திரையாகத்தான் இருக்க வேண்டும், மாற்றிச் சாப்பிடக் கூடாது, பாத எரிச்சல் வரும், டாக்டரிடம் சீட்டு வாங்கித் தானே அனுப்பி வைப்பதாகச் சொன்னான். கொஞ்சம் நிறுத்திவிட்டு, எத்தனை நாளைக்கு அனுப்பட்டும் என்று கேட்டான்.

இவர் என்னைப் பார்ப்பார், போனைப் பொத்திக்கொண்டு என்ன சொல்லட்டும் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். பார்க்கவே இல்லை.

"வருசத்துக்கு அனுப்பு கண்ணு. பொறவு நீயே கொண்டாந்து குடு."

அவன் சரிம்மா என்றான். நான் எழுந்து அரிசி களையப் போனேன். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அதையும் எழுதி வைக்கிறேன்.